தொழில் மாறிய அம்மையாரும் நம்மூர்ப் பெண்டிரும்

ஒருவன் ஒரே தொழிலைப் பற்றி நிற்பானாயின் அவனை உறுதியுடையான் என்று உலகம் புகழ்கின்றது. இரண்டு மூன்று தொழில்களை மாறி மாறிச் செய்வானாயின் நிலையற்றவன் என்று இகழ்கின்றது. பெண்ணொருத்தி அவ்வாறு செய்யின் அவ்விகழ்ச்சி இருமடங்காகின்றது. கல்லூரியிற் பயிலும் நம்மை நோக்கிப் பெற்றோரும் உற்றாரும் வினவும் வினாவும் இவ்வெண்ணத்தினின்றே பிறப்பதாம். "எந்த உத்தியோகத்திற்குப் படிக்கின்றாய்?" என்று அவர் கேட்பர். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொண்டார்க்கு இவ்வினா சற்றுக் கடுமையாகவே வந்து வாய்க்கின்றது. பத்தொன்பதாம் வயதிற் செய்த தெரிவு எழுபதாம் வயதுவரை மாறாது செல்லவேண்டும் என்னும் இக்கருத்துப் பொருந்துமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு அணித்தாக, இரும்பை என்னும் ஊர் உளது. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற மாகாளேசுவரர் கோயிலால் இலக்கியம் பயில்வார் இதனை இரும்பைமாகாளம் என்று அறிவர். கடுவெளிச் சித்தர் சினந்து கூறிய மொழியால் இப்பக்கத்து நிலம் வறண்டதென்றும், பின்னர் அவர் மனமிரங்கி, தொலைநாட்டினின்று வருவாரால் இது மீண்டும் பசுமையுறும் என்று அருளினார் என்றும் ஊரார் ஒரு கதை வழங்குவர். கதை கிடக்க. மழைநீர் அரித்தோடிய செம்மண் மேடாய்க் கிடந்த இந்நிலப்பரப்பில், 1968 முதல் தொலைநாட்டார் பலர் வந்து குடியேறி, கரையிட்டு நீரைத் தேக்கி, இலட்சக்கணக்கான மரங்களை நட்டது வரலாறு. அவர்கள் வாழும் ஆரோவில் நகரம் இரும்பையின் பக்கத்திலேயே இருக்கின்றது. அந்நகரைத் தோற்றுவித்தவரும் கடல் கடந்து வந்த ஒரு பெண்மணியே. மிரா அல்ஃபாசா என்பது அவர் இயற்பெயர். அன்பர்கள் அவரை ஸ்ரீ அன்னை என்பர்.

அவருடைய சமயக் கொள்கைகளை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. கிறிஸ்தவ மார்க்கத்தில் நிற்கும் யான் அவற்றைப் பற்றித் தீர்ப்புக் கூறவும் முற்படேன். ஒரு பெண்ணின் உழைப்பு எத்துணை முறை உருமாறிற்று என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

அவருடைய தந்தையார் துருக்கி நாட்டினர். தாயார் எகிப்து நாட்டினர். இருவரும் யூத குலத்தினர். அவர்கள் 1877 இல் பிரான்சு தேசத்திற் குடியேறினர். மறு ஆண்டு, 1878 பிப்ரவரி 21 ஆம் நாள், பாரிஸ் மாநகரில் மிரா பிறந்தார். ஆகவே வேற்றூரைத் தம்மூராக்கிக்கொள்ளும் வாழ்வு அவருக்குப் பிறப்பிலேயே வாய்த்ததாகும். இளமையில் அகாதெமி ஜூலியன் என்னும் ஓவியப் பள்ளியிற் பயின்றார். 1897 இல் ஆன்றி மொரிசே என்னும் ஓவியரை மணந்தார். அடுத்த ஆண்டு ஒரு மகனைப் பெற்றார். 1903, 1904, 1905 ஆகிய மூன்றாண்டுகளிலும் பாரிஸில் நடைபெற்ற பெரிய ஓவியக் காட்சியில் அவர்தம் படங்கள் இடம்பெற்றன. அத்துடன் நின்றிருப்பின், நல்ல ஓவியர் என்ற பெயரோடு அவர் வாழ்வு முடிந்திருக்கும்.

அவரோ நின்றிலர். 1906 இலும் 1907 இலும் அல்ஜீரியா நாட்டுத் திலெம்சென் நகருக்குச் சென்று, மாக்ஸ் தெயோன் என்பாரிடம் மறைபொருட் கலைகளைப் பயின்றார்; அவர் சார்பில் வெளிவந்த பத்திரிகைப் பணியிலும் ஈடுபட்டார். 1908 இல் முதல் மணவாழ்வு சட்டப்படி முடிவுற்றது. 1911 இல் போல் ரிஷார் என்பாரை மணந்து, அவருடன் 1914 மார்ச் 29 ஆம் நாள் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 இல் அரவிந்தரும் அவ்விருவரும் கூடி 'ஆரியா' என்னும் மாத வெளியீட்டைத் தொடங்கினர். உலகப்போர் மூண்டமையால் 1915 இல் பிரான்சுக்குத் திரும்பினார். மறு ஆண்டு ஜப்பானுக்குச் சென்று, ஏறத்தாழ நான்காண்டுகள் அங்கே தங்கினார். 1920 ஏப்ரல் 24 இல் மீண்டும் புதுச்சேரி வந்தார். அதன்பின் இந்நாட்டை விட்டு நீங்கினாரல்லர்.

இதுகாறும் கூறியதைக் கேட்ட ஒருவர், 'ஓவியம், மறைபொருட் கலை, பத்திரிகை என்று ஒன்றிலும் ஊன்றி நில்லாத வாழ்வன்றோ இது?' என்று வினவக்கூடும். அதற்கு விடை பின்வந்த ஆண்டுகளிற் கிடைக்கின்றது. 1926 நவம்பரில் அரவிந்தர் தனிமை பூண்டபோது, ஆசிரமத்தின் பொறுப்பு முழுவதும் இவ்வம்மையாரிடம் வந்தது. அப்பொழுது அங்கிருந்தோர் ஏறத்தாழ இருபத்துநால்வரே. பின்னர் நூற்றுக்கணக்கானோர் உண்ணவும் உறையவும் உழைக்கவும் இடனாகிய அவ்வில்லத்தின் சமையற்கூடம், வேலைச்சாலை, தோட்டம், கணக்கு என்னும் அனைத்தையும் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் கண்காணித்து நடத்தினார். 1943 டிசம்பர் 2 இல் சிறுவர்க்கென ஒரு பள்ளி தொடங்கினார்; அப்போது அவர் வயது அறுபத்தைந்து. 1952 இல் அது சர்வதேசப் பல்கலைக்கழக மையமாக விரிந்தது. 1968 பிப்ரவரி 28 இல், தொண்ணூறு வயது நிரம்பிய அவர் தம் அறையிலிருந்தவாறே பிரெஞ்சு மொழியிற் சாசனம் படிக்க, ஆரோவில் நகரம் தொடங்கப்பெற்றது. 124 நாடுகளிலிருந்து கொணர்ந்த மண் ஒரு தாழியில் இடப்பட்டது. 1973 நவம்பர் 17 இல் அவர் மறைந்தார்.

இனி, இத்தொழில்களை ஒன்றோடொன்று வைத்து நோக்குவோம். ஓவியர் பெற்ற கண் வீணாகவில்லை. ஏறத்தாழத் தொள்ளாயிரம் வகை மலர்களுக்கு அவர் ஒவ்வொரு குணத்தின் பெயரை இட்டு வழங்கினார். இதழின் நிறமும் அமைப்பும் நுணுகி நோக்கிய கண்ணுக்கன்றி இது கைகூடுவதன்று. பத்திரிகையிற் பெற்ற பயிற்சி பாடநூலுக்கும் வெளியீட்டிற்கும் பயன்பட்டது. பல நாடுகளில் அயலாராய் வாழ்ந்த பழக்கம், பல நாட்டார் ஒருங்கு வாழும் ஊரை எண்ணிப் பார்க்கத் துணைசெய்தது. அந்நகருக்குரிய மொழிகளுள் பிரெஞ்சு, ஆங்கிலம், வடமொழி ஆகியவற்றோடு தமிழையும் ஒன்றாக அவர் வகுத்தார். வந்தேறிய ஒருவர் தாம் வந்த இடத்தின் மொழிக்கு இடமளித்தமை, தமிழ் பயிலும் நாம் மறக்கத்தக்கதன்று. 1954 ஆகஸ்ட் 15 இல், பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறவாமலே இந்தியக் குடியாகவும் விரும்புவதாக அவர் வெளிப்படையாக அறிவித்ததும் இவ்வியல்பினதே. தொழில் மாறினும், முன்பு கற்றது எதுவும் அவரிடத்திற் கழிந்து போகவில்லை. ஒரு மரத்திற் பல கிளைகள் தோன்றுவதை நாம் நிலையாமை என்று கூறுகின்றோமா? வேர் பற்றியிருக்கும்வரை கிளை பலவாதல் வளர்ச்சியேயாம்.

இங்கே ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. இம்மாற்றங்கள் விலையின்றி வரவில்லை. ஜப்பானுக்குப் புறப்பட்டபோது பிரான்சில் விட்டுச்சென்ற மகனை அவர் மீண்டும் கண்டது 1949 இல், புதுச்சேரிக்கு அம்மகன் வந்தபோதுதான். புகழ்வோர் இதனைச் சொல்ல மறக்கின்றனர். இகழ்வோர் இதனை மட்டுமே சொல்கின்றனர். தொழிலின் பொருட்டும் கொள்கையின் பொருட்டும் மக்களைப் பிரிந்து சென்ற ஆடவர் வரலாற்றில் எண்ணிலர். அவரை நாம் இக்கேள்வி கேட்பதில்லை. பெண்ணை மட்டும் கேட்பது முறையோ என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மற்றொன்றும் உளது, இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. மிரா அம்மையார்க்கு மாறுதல் எங்ஙனம் இயன்றது? மனவலிமை ஒன்றினாலா? அன்று. தந்தையார் பணத்தொழில் புரிந்தவர். ஆகவே கல்விக்குக் குறைவில்லை. பெண்களையும் சேர்த்துக்கொண்ட ஓவியப் பள்ளி பாரிஸில் இருந்தது. பொருந்தா மணத்தினின்று விடுபட 1884 ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சில் வழிவகுத்திருந்தது. கடல் கடக்கப் பொருளும் இருந்தது. அவர் துணிவு பெரிது. அத்துணிவிற்குக் காலூன்ற நிலமும் இருந்தது.

இப்போது இரும்பையைச் சூழ்ந்த சிற்றூர்களை நோக்குவோம். அங்குள்ள பெண்டிரும் தொழில் மாறுகின்றவர்களே. ஒரு பருவத்தில் நாற்று நடுகின்றனர். மற்றொரு பருவத்தில் மணிலாக்கொட்டை பறிக்கின்றனர். வேனிலில் முந்திரித் தோப்பிற்குச் செல்கின்றனர். வயலில் வேலையில்லாத நாளிற் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகின்றனர். ஆரோவில் தோன்றியபின் தோட்டவேலை, தையல், ஊதுவத்தி செய்தல், வீட்டுவேலை, சமையல் என்று புதிய தொழில்கள் பல கற்றனர். ஒரே வாழ்நாளில் ஏழெட்டுத் தொழில் பயின்ற பெண்கள் அவ்வூர்களில் அரியரல்லர். ஆயினும் அவர்களுடைய வரலாற்றை ஒருவரும் நூலாக எழுதுவதில்லை. ஓர் அம்மையார் மாறினால் அதற்குப் 'புதுவாழ்வு' என்று பெயர். ஒரு குப்பாயியோ முனியம்மாளோ மாறினால் அதற்குப் 'பிழைப்பு' என்று பெயர். இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவு, பாரிஸுக்கும் புதுச்சேரிக்கும் இடையிலுள்ள தொலைவினும் பெரிதென்றே தோன்றுகின்றது.

இரண்டும் ஒன்றே என்று யாம் சாதிக்கவில்லை. ஒன்று தெரிந்து கொண்ட மாற்றம். மற்றொன்று வயிறு தள்ளிய மாற்றம். ஆனால் வேறுபாடு அப்பெண்களின் அறிவிலோ ஆற்றலிலோ இல்லை. கல்வி, கைப்பொருள், சட்டத்தின் காவல், வீட்டாரின் இசைவு என்னும் நான்கு மட்டுமே அவர்களுக்குக் குறைந்தன. இந்நான்கும் வாய்ப்பின், பிழைப்பு வாழ்வாக மாறும். இது வெறுங்கற்பனையன்று. இரும்பையிலேயே அலுவலகம் கொண்டு பணிபுரியும் ஆரோவில் கிராமச் செயல் குழு, சுற்றுப்புற ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களை அமைத்து, சேமிப்பும் கடனும் பயிற்சியும் கிடைக்கச் செய்து வருகின்றது. தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு உடைய பெண், அடுத்த தொழிலைத் தானே தெரிந்தெடுக்கும் நிலைக்கு ஒரு படி ஏறியவளாகின்றாள்.

குடியேறி வந்தோர்க்கும் இதனால் ஒரு கடமை விளங்கும். புதுவாழ்வு தேடி வந்தவர் நிற்க ஒரு நிலம் வேண்டும். அந்நிலம் முன்பே ஒருவர் உழுததும் மேய்த்ததுமாய் இருக்கும். ஆரோவிலின் தோட்டங்களிலும் வேலைச்சாலைகளிலும் சுற்றுப்புறத்து ஆடவர் பெண்டிர் ஆயிரக்கணக்கானோர் உழைக்கின்றனர். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மத்திய அரசின் பொறுப்பில் அமைந்த அந்நகரின் பெருமையை, அதன் மரங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது. இரும்பை முதலிய ஊர்களின் பெண்மக்கள் அங்கே கூலிபெறுவோராக மட்டும் நிற்கின்றனரா, கற்பிப்போராகவும் நடத்துவோராகவும் உயர்கின்றனரா என்பதே தக்க அளவுகோல். இடங்கொடுத்தவர்க்கும் தம்மைப் போலவே மாறும் உரிமை உண்டென்று கருதுவதே வந்தவர் செலுத்தும் நன்றியாம்.

மாணவ அன்பர்களே, நாம் கற்கவேண்டுவது யாது? முதற்கண், நமக்கு முன் நிற்கும் தெரிவைக் கண்டு அஞ்சுதல் வேண்டா. இன்று தமிழ் பயில்வோர் நாளை ஆசிரியராகலாம். பின்னர்ப் பத்திரிகை நடத்தலாம். அதன்பின் பிறிதொரு பணி மேற்கொள்ளலாம். பயின்றது நம்முடன் வரும். ஆயின் எடுத்த பணியை இடையிற் கைவிட்டு ஓடுதலும், ஒன்றை முடித்து மற்றொன்றிற்கு வளர்தலும் வேறுவேறு என்பதை மறவாதிருத்தல் வேண்டும். ஆசிரமப் பொறுப்பை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சுமந்தவரை நிலையற்றவர் என்று எவரும் கூறவொண்ணாது.

இரண்டாவது, நம்மைச் சார்ந்த பெண்டிரைப் பற்றியது. மிரா அம்மையார் புதுச்சேரி மண்ணில் முதன்முதற் கால்வைத்தபோது வயது முப்பத்தாறு. அந்த வயதினரான நம் அத்தையோ அக்காளோ, தையல் கற்கவேண்டும், தேர்வு எழுதவேண்டும், கடை வைக்கவேண்டும் என்று கூறும்போது, 'இந்த வயதில் இஃது எதற்கு?' என்று கேட்பதே நம் வீடுகளின் வழக்கம். அவ்வொரு கேள்வியால் அடைபட்ட கதவுகள் எத்தனையோ! ஆகவே கல்லூரியிற் படிக்கும் நாம் விடுமுறைக்கு வீடு செல்லும்போது அக்கேள்வியை மாற்றிக் கேட்போமாக. 'எதற்கு?' என்பதை விடுத்து, 'அதற்கு என்ன வேண்டும்?' என்று கேட்போம். விண்ணப்பம் எழுதித் தருதலும், வங்கிக்கு உடன் செல்லுதலும், மாலையில் ஒருமணி நேரம் அடுப்படி வேலையை ஏற்றுக்கொள்ளுதலும் நம்மால் இயலாத செயல்களல்ல.