பதின்வயதும் பள்ளி ஆண்டும்

பதின்வயதுப் பிள்ளைகள் ஆபத்தில் இறங்குவதற்கு அறியாமை பெரிய காரணம் அல்ல. புகையிலை புற்றுநோய் தரும் என்பதும் வேகம் உயிரை வாங்கும் என்பதும் ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கிளர்ச்சியை நாடும் மூளைப் பகுதிகள் இந்த வயதில் வேகமெடுத்துவிடுகின்றன. நிதானித்து முடிவெடுக்க உதவும் முன்மூளையின் வளர்ச்சி இருபது வயதைத் தாண்டியும் தொடர்கிறது. கூட்டாளிகள் உடனிருந்தால் நிதானம் இன்னும் குறைகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டின்போது நண்பர்கள் பார்த்தால் 13 முதல் 16 வயதினர் கூடுதலாகத் துணிந்தனர். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆகவே அறிவுரையைக் கூட்டுவதைவிட, ஆபத்துக்கான வாய்ப்பைக் குறைப்பதே பலன் தரும்.

தமிழகப் பள்ளி ஆண்டில் அந்த வாய்ப்புகள் எங்கே வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பேருந்துகளில் படிக்கட்டுப் பயணம் தொடங்குகிறது. இதில் சாகசத்துக்கும் பங்குண்டு, நெரிசலுக்கும் பங்குண்டு. பள்ளி நேரத்துக்குக் கூடுதல் பேருந்து கேட்டுத் தலைமையாசிரியரும் பெற்றோரும் பணிமனையில் மனுக் கொடுப்பது, படிக்கட்டில் நிற்பவனைத் திட்டுவதைவிடப் பயனுள்ளது.

மாலை டியூஷனுக்கு இருசக்கர வாகனம் அடுத்த வாய்ப்பு. 16 வயதானவர் 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை மட்டுமே உரிமத்துடன் ஓட்டலாம்; மற்றவற்றுக்கு 18 வயது நிறைய வேண்டும். சிறார் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டியவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. சாவியைக் கொடுப்பதும் மறுப்பதும் பெற்றோர் கையில்தான் இருக்கிறது.

உதட்டுக்கடியில் அதக்கும் புகையிலைப் பொட்டலத்தில் புகை வராது என்பதால் வகுப்பறையில் எளிதில் கண்ணில் படுவதில்லை. கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சிறாருக்கு அதைக் கொடுப்பவருக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை கிடைக்கலாம். எனவே புகார் போக வேண்டியது கடைக்காரர் மீது. பிடிபட்ட மாணவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பினால் அவன் நாள் முழுவதும் தெருவில்தான் இருப்பான். ஆலோசனையும் சிகிச்சையுமே பழக்கத்தை நிறுத்த உதவும்.

காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் கிணறும் குளமும் இழுக்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நீர்நிலைகளின் ஆழம் பழைய கணக்கில் இருக்காது. நீச்சல் கற்றுக்கொடுப்பதோடு, மூழ்குபவரைக் காப்பாற்றத் தண்ணீரில் குதிக்காமல் கயிறோ வேட்டியோ வீசிக் கரையிலிருந்தே இழுக்கவும் பழக்க வேண்டும்.

ஆண்டின் கடைசி நெருக்கடி பொதுத்தேர்வு முடிவு. அந்த நாள்களில் பிள்ளையைத் தனியே விடாமல், துணைத்தேர்வு எழுதலாம் என்பதை முடிவு வருவதற்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது. மனம் தளர்ந்தவர்கள் 14416, 104 எண்களில் ஆலோசனை பெறலாம். சிறாருக்கான அவசர உதவிக்கு 1098.