பெட்டி பாடினால் நாம் எதற்கு?

மேலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது என் அம்மாச்சியின் ஊர். அங்கே மாதா கோயில் சின்னது. சாமியார் பங்கிலிருந்து வருகிற ஞாயிறுகளில்தான் பூசை. பாடகர் குழு என்றால் நான்கு பெண்கள், ஒரு கீபோர்டு, அதை வாசிக்க ஒரு தம்பி. அவ்வளவுதான். குழுவுக்குத் தலைவி என் சித்தி.

அந்தத் தம்பிக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. நல்ல செய்திதான். ஆனால், அடுத்த ஞாயிறே கீபோர்டு துணியைப் போர்த்திக்கொண்டு ஓரமாக நின்றது. யாரோ ஒரு பென் டிரைவ் கொண்டு வந்தார்கள். வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல், நன்றிப் பாடல் என எல்லாவற்றுக்கும் ட்ராக் தயார். சிலவற்றில் குரலும் சேர்ந்தே இருந்தது. ஸ்பீக்கரில் சொருகினால் போதும். வயலின், புல்லாங்குழல், கோரஸ் என ஸ்டூடியோவே கோயிலுக்குள் வந்துவிடும்.

இரண்டு ஞாயிறு அப்படித்தான் நடந்தது. இரண்டாவது ஞாயிறு நானும் போயிருந்தேன். நற்கருணை வாங்க வந்த வரிசை முடிந்து, சாமியார் பாத்திரத்தைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். ட்ராக்கில் மூன்றாவது சரணம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தலாமா, வேண்டாமா என்று சித்தி கையைப் பிசைகிறார். வரிகள் டி.வி-யில் பளிச்சென்று தெரிகின்றன. கோயிலில் ஒருவர் வாயும் அசையவில்லை.

வெளியே வந்ததும் அம்மாச்சி கேட்டது இதுதான்: “ஏத்தா, பெட்டியே பாடிக்கிரும்னா நான் எதுக்கு இந்த மூட்டு வலியோட நடந்து வரணும்? வீட்லயே டி.வி-யைப் போட்டுக் கேட்டுக்கிற மாட்டேனா?”

சித்திக்குக் கோபம். “உனக்கென்னம்மா, சொல்லிட்டுப் போயிருவ. திருநாளுக்கு வெளியூர்ல இருந்து அம்புட்டுப் பேரு வருவாங்க. அவங்க முன்னாடி வெறும் தொண்டையில பாடுனா சிரிக்க மாட்டாங்களா?”

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அன்று இரவு நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். கோயிலில் யார் பாட வேண்டும் என்கிற இந்தச் சண்டை எங்கள் வீட்டுக்கு முன்பே பெரிய இடத்தில் நடந்திருக்கிறது.

அம்மாச்சி எண்பதை நெருங்குகிறார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பூசை லத்தீனில். சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று மந்திரம் சொல்வார். இந்தப் பக்கம் உபதேசியார் தமிழில் செபம் சொல்லிக் கொடுப்பார். திருநாளன்று ‘பாட்டுப் பூசை’. “போர்டிங் பையலுக வந்து லத்தீன்ல பாடுவானுக. நாங்க ஜெபமாலை உருட்டிக்கிட்டு இருப்போம். பொம்பளைப் பிள்ளைக பாடக் கூடாதும்பாக” என்பார்.

அது ஊர்க் கட்டுப்பாடு மட்டுமல்ல. 1903 நவம்பர் 22 அன்று திருத்தந்தை பத்தாம் பயஸ், கோயில் இசை பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். பாடகர் குழு செய்வது வழிபாட்டுப் பணி, அதனால் அதில் பெண்களுக்கு இடமில்லை, உச்சக் குரல் வேண்டுமென்றால் சிறுவர்களைப் பாட வையுங்கள் என்றது அந்த ஆணை. பியானோவும் முரசும்கூட அதில் தடை. இதில் ஒரு வேடிக்கை, நவம்பர் 22 புனித செசிலியாவின் திருநாள். கோயில் இசைக்குப் பாதுகாவலியாகத் திருச்சபை கொண்டாடுகிற பெண் அவர்!

1955 டிசம்பரில் பன்னிரண்டாம் பயஸ், சில கட்டுப்பாடுகளோடு பெண்களும் பாடலாம் என்று கதவைத் திறந்தார். பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வந்தது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான அதன் திருவழிபாட்டு ஏடுதான் தமிழ்ப் பூசைக்கு வழிவிட்டது. கிரகோரியன் இசைக்கு முதலிடம், குழாய் ஆர்கனுக்குப் பெரிய மரியாதை என்று சொன்ன அதே ஏடு, அந்தந்த மக்களின் சொந்த இசை மரபையும் மதிக்கச் சொன்னது. தபேலாவும் டோலக்கும் நம் ஊர்ப் பூசைக்குள் வந்து உட்கார்ந்தது அப்படித்தான்.

அதற்கு முன்னால் நம் கத்தோலிக்கர்களிடம் தமிழ்ப் பாட்டு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தது 1606-ல். வீரமாமுனிவர் சூசையப்பரை வைத்து 3,615 பாடல்களில் ‘தேம்பாவணி’ பாடியது 18-ம் நூற்றாண்டில். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கீர்த்தனை எழுதியது 19-ம் நூற்றாண்டில். தமிழும் இருந்தது, பாட்டும் இருந்தது. பூசையின் மையத்தில்தான் அதற்கு இடமில்லை. அந்த இடம் கிடைத்து இன்னும் எழுபது வருடம்கூட ஆகவில்லை.

அந்த ஏட்டின் 114-வது பத்தியை நான் இரண்டு முறை படித்தேன். பாடகர் குழுக்களை வளர்க்க வேண்டும் என்கிறது. கூடவே, பாட்டில் மக்கள் எல்லோரும் பங்கேற்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. மூன்று வருடம் கழித்து, 1967 மார்ச்சில் வந்த விளக்க ஏடு இன்னும் வெளிப்படை. மக்களை முழுக்க ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் பாடகர் குழுவே பாடிவிடுவது ஊக்குவிக்கத் தக்கதல்ல என்கிறது. குழு அமைக்க முடியாத சின்னக் கோயில்களுக்கும் அதில் வழி இருக்கிறது: நன்றாகப் பழகிய ஒருவர் இருவர் எடுத்துக் கொடுத்தால் போதும், மக்கள் பின்னால் வருவார்கள்.

பென் டிரைவுக்கும் விடை கிடைத்தது. 1958 செப்டம்பரில், அதாவது கிராமபோன் காலத்தில், ரோமிலிருந்து ஓர் அறிவுரை வந்திருக்கிறது. கிராமபோன், வானொலி, தானாக வாசிக்கும் ஆர்கன் எதுவும் வழிபாட்டில் கூடாது. பாடகர்களுக்குப் பதிலாக மட்டுமல்ல, பாடுகிறவர்களுக்குத் துணையாகவும் கூடாது. ஆனால், ஒலிபெருக்கிக்கு அனுமதி உண்டு! முதலில் எனக்கு இது புரியவில்லை. இரண்டும் மின்சாரக் கருவிதானே? யோசித்தால் விஷயம் எளிது. மைக் முன்னால் ஓர் ஆள் நின்று பாட வேண்டும். ரெக்கார்டுக்கு ஆளே தேவையில்லை.

பழைய ஏடுதான். அது வந்த பிறகு பூசையே மாறிவிட்டது. ஆனால், அதிலுள்ள புத்தி பழசாகவில்லை. பூசைப் பாட்டு ஒரு வேலையோடு சேர்ந்தது. வரிசை நீண்டால் பாட்டும் நீள வேண்டும், சாமியார் உட்கார்ந்தால் நிற்க வேண்டும். ட்ராக்குக்கு அந்தக் கண் கிடையாது. இன்னொன்று சுருதி. ட்ராக்கெல்லாம் பயிற்சி பெற்ற குரல்களுக்காகச் செய்தவை. வயல் வேலைக்குப் போய்வரும் ஒரு அக்கா காலை ஏழு மணிக்கு அந்த உச்சத்தை எட்டிப் பிடிக்க முடியாது. இரண்டு வரி முயன்று பார்ப்பார், அப்புறம் வாயை மூடிக்கொள்வார். நாம் அதை ‘ஜனங்க பாடுறதே இல்லை’ என்று எழுதிக்கொள்வோம்.

இதையெல்லாம் சித்தியிடம் சொன்னேன். கடைசியாக ஒன்றையும் கேட்டேன்: “அம்மாச்சி காலத்துல பொம்பளைங்கன்னு பாட விடல. உங்க காலத்துல மைக் கையில வந்துச்சு. இப்ப அதைப் பென் டிரைவ்கிட்டயா குடுப்பீங்க?”

சித்தி பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் போன் வந்தது. “பீரோவுக்குப் பின்னாடி பழைய ஆர்மோனியம் கிடந்துச்சு. ரெண்டு கட்டை ஒட்டிக்கிச்சு. இருந்தாலும் சுருதி பிடிக்க ஆகும்.”

போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். பாட்டு எண்ணிக்கையைக் குறைத்து, எல்லோருக்கும் தெரிந்ததாகப் பொறுக்கியிருந்தார்கள். சுருதியை நன்றாக இறக்கியிருந்தார்கள். கல்லூரிக்குப் போகும் ஒரு தங்கை ஆர்மோனியத்தில் முதல் சுரத்தைக் கொடுக்க, சித்தி பல்லவியை எடுத்தார். மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தார்.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. பின்வரிசை ஆண்கள் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காணிக்கைப் பாடல் இழுத்து இழுத்து, முடிகிறபோது ஆர்மோனியம் ஓரிடத்திலும் பாட்டு ஓரிடத்திலும் இருந்தது. ஆனால், பெண்கள் பக்கம் முழுக்கப் பாடியது. அம்மாச்சி பாடினார், நடுங்குகிற குரல்தான், பக்கத்தில் நின்ற எனக்கு நன்றாகவே கேட்டது.

பென் டிரைவ் இப்போது சித்தி வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் புதுப்பாட்டு பழக அதைப் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதற்கு லீவு.

திருநாள் வருகிறது. வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்களா என்ற பயம் சித்திக்கு இன்னும் போகவில்லை. அம்மாச்சி சொல்லிவிட்டார்: “சிரிக்கிறவுகளையும் சேர்ந்து பாடச் சொல்லு.”