அரிசி டின்னில் இருந்த பணம்

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 8 மணிச் செய்தியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்த இரவு அது. டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அடுக்களையில், அரிசி டின்னின் அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி 14,500 ரூபாய் வைத்திருந்தேன். காய்கறியிலும் மளிகையிலும் பத்தும் இருபதுமாக மிச்சம் பிடித்து, ஆறு வருஷமாகச் சேர்த்த பணம்!

வேறு வழியில்லாமல் மறுநாள் என் கணவரிடம் நீட்டினேன். "அடேயப்பா! எனக்கே தெரியாம இவ்வளவா?" என்று சிரித்தபடி தம் கணக்கில் போட்டார். நல்ல மனிதர்தான், ஏமாற்றவில்லை. ஆனால் பைக் ரிப்பேர், நாத்தனார் மகள் வளைகாப்பு என்று மூன்றே மாதத்தில் அத்தனையும் கரைந்துவிட்டது. கேட்டேன். "வீட்டுக்குத்தானே செலவாச்சு?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்று ராத்திரி தூக்கமே இல்லை. பணத்தைச் சேர்க்கத் தெரிந்த எனக்கு, அதைப் போட்டு வைக்க என் பேரில் ஒரு இடம் இல்லையே!

அடுத்த வாரமே ஆதார் அட்டையும் இரண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போனேன். படிவத்தைக் கண்டதும் கை நடுங்கியது உண்மை. சேமிப்புக் கணக்கோடு, மாதம் 500 ரூபாய் கட்டும் ஆர்.டி.யும் தொடங்கினேன். ஒளிவு மறைவு இல்லை; நாமினியாக அவர் பெயரைத்தான் கொடுத்தேன்.

ஆர்.டி.க்கு 500 ரூபாய்தான் வேண்டும் என்பதில்லை, சகோதரிகளே. மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம். தவணைக் காலம் 5 வருஷம். நடுவில் அவசரம் வந்தால், 12 தவணை கட்டிய பிறகு, இருப்பில் பாதி வரை கடன் வாங்கலாம். கணக்கை முறிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது, மாதம் 1,000 ரூபாய் பெண்களின் சொந்தக் கணக்குக்கே வந்தது. ஆனால் அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது? ரகசிய எண் உங்களுக்குத் தெரியுமா? பாஸ் புத்தகத்தைக் கடைசியாக எப்போது பதிந்து பார்த்தீர்கள்? பெயர் நம்முடையது, பிடி வேறொருவருடையது என்றால், அதற்கும் என் அரிசி டின்னுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

என் ஆர்.டி. 2022-ல் முதிர்ந்தது. கட்டிய 30,000-த்தோடு வட்டியும் கைக்கு வந்தது. பக்கத்துத் தெரு அக்காவிடம் ரவிக்கை தைக்கப் பழகியிருந்தேன். "மோட்டார் வச்ச தையல் மிஷின் ஒண்ணு வாங்கப் போறேங்க" என்றேன். "வாங்கட்டுமா?" என்று கேட்கவில்லை. இவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "எந்த இடத்துல போடப் போறே? ஜன்னல் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கும்" என்றார்.

இப்போது மிஷின் ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது. அரிசி டின்னில் அரிசி மட்டும்தான்!