பேயை விரட்டுவதா, பாவத்தை விடுவதா?

பெருந்துறையை அடுத்த எந்தக் கிராமத்திலும் நடக்கக்கூடிய காட்சி இது. மணமாகி வந்து ஓராண்டுகூட ஆகாத மருமகள். பத்து நாளாகச் சரியான சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து தனக்குத் தானே பேசுகிறாள். திடீரென்று மாமியாரை "நீ, வா, போ" என்று ஏசுகிறாள். திண்ணையில் கூட்டம் கூடிவிடுகிறது.

"ஏனுங்க அக்கா, அம்மிணி பொழுது சாயறப்ப கெணத்து மேட்டுப் பக்கம் தனியாப் போச்சுங்களா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்கிறாள்.

"ஆமா கண்ணு. மாட்டுக்குத் தட்டு எடுத்தாரப் போனா."

"அப்பறம் என்னங்க? காத்துக் கருப்புத்தான் அண்டியிருக்கோணும்."

விசாரணை இவ்வளவுதான். தீர்ப்பும் ஆகிவிட்டது! இந்து வீடாக இருந்தால் பூசாரிக்கு ஆள் போகும். கிறிஸ்தவ வீடாக இருந்தால் ஜெபக்காரருக்கு ஆள் போகும். அழைக்கப்படுகிறவர்தான் வேறு, வீட்டிலே நிற்கும் பயம் ஒன்றே.

கிறிஸ்தவ வீட்டில் அந்தப் பயத்துக்கு வேதாகமமே சாட்சியாக அழைக்கப்படுகிறது. "ஏசுநாதரே பிசாசுகளைத் துரத்தவில்லையா?" என்று கேட்கிறார்கள். துரத்தினார் என்றுதான் சுவிசேஷங்கள் கூறுகின்றன. ஆனால் எப்படித் துரத்தினார், துரத்தியபின் அந்த மனிதனுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு.

கல்லறையில் கிடந்தவன்

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு மனிதன் வருகிறான். அவனுக்கு வீடு இல்லை. கல்லறைகளுக்கு நடுவே கிடக்கிறான். இரவும் பகலும் கூச்சலிடுகிறான். கல்லை எடுத்துத் தன் உடம்பையே கீறிக்கொள்கிறான். ஊரார் அவனைப் பலமுறை சங்கிலியால் கட்டிப் பார்த்தார்கள், அவன் முறித்துவிட்டான். பிறகு அவனை அப்படியே கைவிட்டுவிட்டார்கள்.

இந்தக் கதையில் சங்கிலி போட்டவர்கள் யார்? ஊரார். ஏசுநாதர் சங்கிலி போடவில்லை. சாட்டை எடுக்கவில்லை, பட்டினி போடவில்லை, காணிக்கை கேட்கவில்லை. அவனிடம் பெயரைக் கேட்டார் என்கிறது கதை. முடிவில் அந்த மனிதன் உடை உடுத்தி, புத்தி தெளிந்து, உட்கார்ந்திருக்கிறான். அவருடனேயே வந்துவிடுவதாகச் சொல்கிறான். அவரோ, "வீட்டுக்குப் போ, உன் மனிதர்களிடம் போ" என்னும் பொருள்பட அவனை அனுப்பி வைக்கிறார்.

ஆகவே கிறிஸ்தவ வேதத்தின்படி விடுதலை என்பது என்ன? கட்டு அவிழ்வது, புத்தி தெளிவது, வீடு திரும்புவது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் எத்தனை உரக்க ஜெபித்தாலும் அது விடுதலை ஆகாது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மத்தேயுவின் நான்காம் அதிகாரத்தில் ஏசுநாதரிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் நோயாளிகள் தனி, பிசாசு பிடித்தவர்கள் தனி, வலிப்புக்காரர்கள் தனி, திமிர்வாதக்காரர்கள் தனி. எல்லா நோயும் பேயே என்று அந்தச் சுவிசேஷகர்கூடக் கருதவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, "இது யார் செய்த பாவம்?" என்று சீடர்கள் கேட்டபோது, அவன் பாவமும் அல்ல, அவனைப் பெற்றவர்கள் பாவமும் அல்ல என்று ஏசுநாதர் மறுத்ததாக யோவான் எழுதுகிறார். நோய் வேறு, பாவம் வேறு, பேய் வேறு. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் எல்லாத் துன்பத்துக்கும் வேர்.

சபைகளின் எச்சரிக்கை

பெருந்துறையிலிருந்து கோவைக்குப் போகும் சாலையிலுள்ள கருமத்தம்பட்டி, 17-ஆம் நூற்றாண்டு முதற்கொண்டே கத்தோலிக்கர்களின் தலம். கிழக்கே ஈரோட்டில் லண்டன் மிஷனைச் சேர்ந்த பிரப் பாதிரியாரின் பெயரை இன்றும் ஒரு தேவாலயம் தாங்கி நிற்கிறது. அந்த மிஷன் கோயிலோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்தியது. கொங்கு நாட்டுக் கிறிஸ்தவம் ஜெபத்தையும் மருந்தையும் சேர்த்தே கொண்டுவந்தது என்பதை அதன் வாரிசுகள் மறந்துவிடலாகாது.

கத்தோலிக்கத் திருச்சபை பேய் உண்டு என்றே போதிக்கிறது. ஆனால் அது எத்தனை தயங்கித் தயங்கி அந்த வாசலைத் திறக்கிறது! ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே என்று 1614-ஆம் ஆண்டின் ரோமைச் சடங்கு நூலே குருக்களை எச்சரித்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1172-ஆம் விதிப்படி, ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் எவரும் பேயோட்டக் கூடாது. அந்த அனுமதியும் பக்தி, அறிவு, விவேகம், நல்லொழுக்கம் நான்கும் வாய்ந்த குருவுக்கே கிடைக்கும். 1999-இல் வெளியான புதிய சடங்கு நூலும் நோயையும் பேயையும் பிரித்தறிய வேண்டும் என்றே வற்புறுத்துகிறது.

புராட்டஸ்டண்டு சபைகளில் கருத்து வேற்றுமை உண்டு. மெய்யான விசுவாசிக்குள் பிசாசு குடியேற முடியாது, வெளியிலிருந்து சோதிக்கத்தான் முடியும் என்பார் பலர். விசுவாசிக்கும் விடுதலை ஊழியம் தேவைப்படலாம் என்பார் பெந்தெகொஸ்தே சபையாரில் சிலர். இந்த வாதம் எப்படி முடிந்தாலும் சரி, அடிப்பதற்கும் கட்டுவதற்கும் இரு தரப்பு வேதத்திலும் இடமில்லை.

இரண்டு ஜெர்மன் பெண்கள்

ஜெர்மனி தேசத்தில் நடந்த இரண்டு சம்பவங்களை இங்கே அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

மொட்லிங்கன் என்னும் சிற்றூரில் 1842, 1843 ஆண்டுகளில் கொட்லீபின் டிட்டுஸ் என்ற ஏழைப் பெண்ணுக்குப் பிசாசின் தொல்லை என்று ஊரெல்லாம் பேசிற்று. அவ்வூர்ப் பாதிரியார் புளூம்ஹார்ட் ஆர்ப்பாட்டத்தை விரும்பவில்லை. சாட்சிகளோடு சென்றார், ஜெபித்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவள் குணமடைந்தாள். அதன் பிறகு நடந்ததுதான் விந்தை. 1844-இல் ஊர் மக்கள் ஒருவர்பின் ஒருவராகப் பாதிரியாரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தாங்கள் செய்த திருட்டு, வஞ்சகம், பகை எல்லாவற்றையும் அறிக்கையிட்டார்கள். ஒரு பெண்ணின் பேயைப் பார்க்க வந்த ஊர், தன் பாவத்தைப் பார்த்துக்கொண்டது! கொட்லீபின் பிற்காலத்தில் அந்தப் பாதிரியார் குடும்பத்தோடு சேர்ந்தே ஊழியம் செய்தாள்.

இரண்டாவது சம்பவம் 1976-இல். அன்னலீஸ் மிஷேல் என்ற 23 வயதுக் கல்லூரி மாணவி. வலிப்பு நோய்க்கு டாக்டர்கள் மருந்து கொடுத்து வந்தார்கள். ஆயரின் அனுமதி பெற்றே இரண்டு குருக்கள் 67 முறை பேயோட்டும் சடங்கு செய்தனர். கடைசியில் டாக்டரைக் கூப்பிடவே இல்லை. 1976 ஜூலை 1-ஆம் தேதி அவள் இறந்தபோது உடல் எடை சுமார் 30 கிலோ. உணவில்லாமல் வற்றிப்போன உடல் அது. பெற்றோரும் குருக்களும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று 1978-இல் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

அனுமதி இருந்தது, பக்தி இருந்தது, பெற்ற பாசமும் இருந்தது. டாக்டர் மட்டும் இல்லை. உயிர் போய்விட்டது.

தமிழ்நாடு ஜெர்மனியைப் பார்த்துப் பெருமூச்சு விடத் தேவையில்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கென்று தனியார் நடத்திய கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். எந்த மதத்தின் வாசல் என்பதல்ல கேள்வி. சங்கிலிக்கு மதம் இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுத்துவிட்டது. ஏர்வாடியிலேயே பிற்காலத்தில் துவாவோடு மருந்தும் கிடைக்க வழி பிறந்தது. பிரார்த்தனை செய்ய வந்தவர் மருந்தும் வாங்கிப் போனார். அவருடைய பக்தி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பேய் பேசுகிறதா, பெண் பேசுகிறாளா?

"டாக்டரிடம் காட்டினோம், குணமாகவில்லை, ஜெபத்திலேதான் நிம்மதி கிடைத்தது" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்களை ஏளனம் செய்வது நியாயமல்ல. பாட்டு, கூட்டு ஜெபம், தலைமேல் வைத்த ஒரு கை, பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரல் இவற்றுக்கெல்லாம் மனத்தை ஆற்றும் வல்லமை உண்டு.

ஆனால் அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசிக்கவேண்டும். திண்ணைக் கூட்டத்துக்கு நடுவே இருக்கும் அந்த மருமகள், தெளிந்த புத்தியோடு, "எனக்கு இந்த வீட்டிலே கஷ்டம்" என்று சொன்னால் யார் காது கொடுப்பார்கள்? "வாயாடி" என்பார்கள். பிறந்த வீட்டிலும், "பொறுத்துப் போ கண்ணு" என்பார்கள். அதையே பேய் சொன்னால் ஊரே கூடி நின்று கேட்கிறது! "நகையைத் திருப்பிக் கொடு" என்று பேய் கேட்டால் மாமனார் நடுங்குகிறார். "இவளை ஏன் அடித்தாய்?" என்று பேய் அதட்டினால் புருஷன் தலை குனிகிறான்.

பேய்க்குக் கிடைக்கும் மரியாதை பெண்ணுக்குக் கிடைத்திருந்தால் பாதிப் பேய்கள் வந்தே இரா. ஜெபக்காரர் அந்த வீட்டில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "பிசாசே, உன் பெயர் என்ன?" என்பதல்ல. "அம்மணி, உனக்கு என்ன குறை?" என்பதுதான். அதற்கு வரும் பதிலில் அடியும் சீதனக் கொடுமையும் இருக்குமானால், மனந்திரும்பவேண்டியவர் பாயில் கிடப்பவள் அல்ல, பக்கத்தில் நிற்பவர்.

"சாத்தான் தூண்டினான்!"

பேயின் பெயரால் ஒருத்தி அடிபடுவது ஒரு கேடு. பேயின் பெயரால் ஒருவன் தப்பித்துக்கொள்வது இன்னொரு கேடு. சம்பளப் பணத்தை டாஸ்மாக் கடையில் தொலைத்துவிட்டு, "குடிப் பேய் பிடித்துவிட்டது" என்கிறான் ஒருவன். மஞ்சள் மண்டியில் எடையைக் குறைத்தவன், தறிக்காரன் கூலியைப் பிடித்துக்கொண்டவன், கந்து வட்டியில் ஒரு குடும்பத்தின் காட்டையே எழுதி வாங்கியவன், எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை கண்ணீரோடு, "சாத்தான் தூண்டினான்" என்கிறார்கள்.

இது புதிய தந்திரம் அல்ல. ஆதியாகமத்தில் ஆதாம் ஏவாளைக் காட்டினான். ஏவாள் பாம்பைக் காட்டினாள். கடவுள் இருவர் சாக்கையும் ஏற்கவில்லை. சோதனை வருவது பாவமல்ல, அதற்கு மனம் இசைவதே பாவம் என்பது கிறிஸ்தவ போதனை. சாத்தான் கதவைத் தட்டலாம். தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது.

எரிகோ ஊரின் வரி வசூலிப்பவன் சகேயு. அவன் மேல் யாரும் பேயோட்டவில்லை. ஏசுநாதர் அவன் வீட்டில் விருந்தாளியாகப் போனார். அவனோ சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் எழுந்து நின்று சொன்னான். இதுவன்றோ விடுதலை! பாவத்திலிருந்து விடுபட வேத வழி இதுதான்: குற்றத்தை ஒப்புக்கொள்வது, கடவுளிடம் மன்னிப்புக் கேட்பது, எடுத்ததைத் திருப்புவது, பகைத்தவனோடு சமாதானமாவது, மறுநாளும் அதே வழியில் நடப்பது.

மறுநாள் என்பது முக்கியம். ஓடிப்போன அசுத்த ஆவி, பெருக்கிக் காலியாகக் கிடக்கும் வீட்டைக் கண்டு வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்த உவமையைச் சொன்னவரும் ஏசுநாதர்தாம். காலி வீட்டில் நல்ல பழக்கங்களைக் குடிவைக்காவிட்டால் ஒரு நாள் கூட்டத்தில் விழுந்து எழுந்ததால் பயனில்லை. 1935-இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டருமாக இரண்டு குடிகாரர்கள் சேர்ந்து தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கம் இந்த உண்மையை நன்கு அறிந்தது. கிறிஸ்தவ ஜெபக் குழு ஒன்றிலிருந்து கிளைத்த அச்சங்கம், பேயோட்டவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள், தீங்கு செய்தவர்களின் பட்டியல் போடு, ஈடு செய், ஒவ்வொரு நாளாகக் குடிக்காமல் இரு என்றது.

பெருந்துறை அறிந்த பாடம்

இதையெல்லாம் பெருந்துறைக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. "சானடோரியம்" என்ற சொல்லை ஊர்ப்பெயரோடு சேர்த்துச் சொல்லும் ஊர் இது. க்ஷயரோகத்தைச் சாபம் என்றும் முன்வினை என்றும் உலகம் பேசிய காலம் உண்டு. நோயாளியின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கினார்கள். பெண் கொடுக்க மறுத்தார்கள். 1882-இல் ராபர்ட் காக் அந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. மெல்ல மெல்லச் சாபம் நோயாயிற்று; நோய் குணமாயிற்று. அதனால் எந்தக் கோயிலும் இடிந்துவிடவில்லை. குணமானவர்கள் கோயிலுக்குப் போய் நன்றி சொன்னார்கள்.

நுரையீரலுக்குக் கிடைத்த நியாயம் மனத்துக்கும் கிடைக்கவேண்டும். க்ஷயரோகிகளுக்காக எழுந்த அதே வளாகத்தில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நடக்கிறது. அங்கே போகக் கூசுகிறவர்கள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் வீட்டிலிருந்தபடியே பேசலாம்.

ஜெபக்காரர்களுக்கும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். டாக்டர் பார்த்தபிறகே ஜெபம் தொடங்கட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதிருக்கட்டும். நோயாளியை உபவாசம் இருக்க வைக்காதிருக்கட்டும். அடியும் கட்டும் கூடவே கூடாது. பெண்ணைத் தனி அறையில் வைத்து ஜெபிக்காதிருக்கட்டும். குணமானதற்குக் கூலி வாங்காதிருக்கட்டும். சபைப் பெரியவர்கள் இந்த விதிகளைத் தங்கள் தேவாலய வாசலில் எழுதி ஒட்டினால், அது நூறு பிரசங்கங்களுக்குச் சமம்.

கல்லறையில் கிடந்தவன் புத்தி தெளிந்தபோது அவ்வூரார் மகிழவில்லை என்பது அந்தக் கதையின் சோகமான பகுதி. கடலில் விழுந்து மடிந்த பன்றிகளின் நஷ்டத்தை எண்ணி, ஏசுநாதரை ஊரைவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார்கள். ஒரு மனிதன் மீண்டதைவிட அவர்களுக்குப் பன்றிகள் பெரிதாகத் தோன்றின.

பெருந்துறைப் பக்கத்துத் திண்ணையிலே உட்கார்ந்திருக்கும் அந்த மருமகளும் ஒரு நாள் தெளிந்து எழுவாள். அன்றைக்கு, "பேய் பிடித்தவள்" என்ற பெயரை அவள் தலையிலிருந்து எடுத்துவிட்டு, "வாம்மா, சாப்பிடு" என்று சொல்ல அந்த வீடு தயாராக இருக்கவேண்டும். அந்த வீட்டுக்கும் அதுவே விடுதலை.