அலிக்கு அப்புறம் வந்தவர்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதி மெஸ்ஸில் பெரிய பட்டிமன்றமே நடந்தது. "ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் கில்லாடி யாருடா?" என்று ஒருத்தன் கொளுத்திப் போட்டான். பாதிப்பேர் முகமது அலி பக்கம். மீதிப்பேர் மைக் டைசன் பக்கம். நான் சும்மா இருக்காமல், "லாரி ஹோம்ஸை ஏன்டா யாருமே சொல்ல மாட்டேங்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். "லாரியா? பஸ் ஹோம்ஸ்னு யாரும் இல்லையா?" என்றான் ஒருத்தன். மெஸ்ஸே சிரித்தது. சாம்பார் ஊற்ற வந்த அண்ணன்கூடச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள் ஒரு முள் தைத்துவிட்டது. அதை எடுக்கத்தான் இந்தக் கட்டுரை.

உலகம் ஒரு வீரரை மறக்க, அவர் தோற்றிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஜெயித்தும் மறக்கப்பட்டவர்கள் உண்டு. மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் சாம் லாங்ஃபோர்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்பின வீரர். ஐந்தரை அடிக்குச் சற்றே கூடுதலான உயரம். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு மலை மாதிரி ஆட்களைச் சாய்த்தவர். 1906-இல் ஜாக் ஜான்சனிடம் 15 சுற்றுகள் நின்று தோற்றார். அதே ஜான்சன் 1908-இல் உலகின் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். லாங்ஃபோர்டுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தாரா? கொடுக்கவில்லை! 1915-இல் ஜான்சன் பட்டத்தை இழந்தபின், அடுத்து ஒரு கறுப்பருக்கு அந்தப் பட்டத்துக்காகச் சண்டை போடக் கிடைத்தது 1937-இல்தான். 22 வருஷம் கதவு சாத்தியே கிடந்தது. லாங்ஃபோர்டுக்குப் பார்வையும் போய்விட்டது. 1944-இல் ஒரு பத்திரிகையாளர் தேடிப்போனபோது, நியூயார்க்கின் ஹார்லெமில் ஓர் அறையில் வறுமையில் கிடந்தார். சாகும்வரை அவருக்கு ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்கான சண்டை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இரண்டாமவர் எஸார்டு சார்லஸ். இவர் செய்த "குற்றம்" வேறு. 1950 செப்டம்பரில், ஊரே கொண்டாடிய ஜோ லூயிஸை ஜெயித்துவிட்டார்! லூயிஸ் இவரைவிட 15 கிலோ அளவுக்கு எடை கூடியவர். சார்லஸே சின்ன வயதில் ஆராதித்த வீரர். ஜெயித்தவரைக் கொண்டாட வேண்டிய ஜனங்கள், "நம்ம லூயிஸை அடிச்சுட்டானே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு சண்டையிலும் தோற்காமலே ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவுடன் 1954 ஜூனில் 15 சுற்றும் முழுதாக நின்றவர் இவர் ஒருவர்தான். வேறு எவரும் அவர்முன் அத்தனை நேரம் நின்றதில்லை.

இப்போது நம்ம லாரிக்கு வருவோம்.

ஜார்ஜியாவில் பிறந்து, பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் வளர்ந்தவர் லாரி ஹோம்ஸ். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, மணிக்கு ஒரு டாலர் கூலிக்குக் கார் கழுவப் போனார். பிறகு அலியின் பயிற்சி முகாமில், அலி அடித்துப் பழகுவதற்கு எதிரே நிற்கும் ஆள். அங்கே அலியின் குத்தில் கண் கறுத்து வீங்கியபோது, ஐஸ் வைக்கவே விடவில்லையாம். ஊரில் போய்க் காட்ட வேண்டுமாம்!

1978 ஜூன் 9. லாஸ் வேகாஸ். எதிரே கென் நார்ட்டன். பதினான்கு சுற்றுகள் முடிந்தபோதும் யார் முன்னணி என்று சொல்ல முடியாத நிலை. கடைசிச் சுற்றில் இருவரும் ஒருவரை ஒருவர் விளாசித் தள்ளினார்கள். மூன்று நடுவர்களில் இருவர் ஹோம்ஸுக்கு 143-142, ஒருவர் நார்ட்டனுக்கு 143-142. ஒரே ஒரு புள்ளி! அந்த ஒரு புள்ளியில் வாங்கிய சாம்பியன் இடத்தை ஏழு வருஷத்துக்கு மேல் விடவில்லை. 20 முறை பட்டத்தைக் காப்பாற்றினார். அன்றைக்கு அவரைவிட அதிக முறை காத்தவர் ஜோ லூயிஸ் (25 முறை) மட்டுமே.

அவருடைய ஆயுதம் இடது கை நேர்க்குத்து. 'ஜாப்' என்பார்கள். டைசன் குத்து மாதிரி ஆளை ஒரே அடியில் படுக்க வைக்காது. ஆனால் வந்துகொண்டே இருக்கும். எதிராளியின் கண்ணை மறைக்கும், அடியெடுத்து வைக்கும்போது நிறுத்தும், மூச்சு வாங்க விடாது. பார்க்கிறவர்களுக்குக் கைதட்டத் தோன்றாது. நாம் முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்தோமே, அந்த மாதிரிதான்! ட்ரை ஸ்கொயர் வைத்து வெளிச்சம் தெரியாத வரைக்கும் ராவினோம். யார் கைதட்டினார்கள்? ஆனால் அந்த மட்டம் இல்லாமல் எந்த ஜாயின்ட் சேரும்?

பின்னே ஏன் பேர் கிடைக்கவில்லை? 1980-இல் அலி நம்ம சென்னைக்கே வந்து, ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆரோடு அவர் நிற்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி, 38 வயது அலி, 30 வயது ஹோம்ஸ் முன்னால் வந்து நின்றார். சண்டையா அது? ஒரு சுற்றுகூட அலிக்குப் போகவில்லை. பத்தாவது சுற்றோடு அலியின் பயிற்சியாளரே நிறுத்திவிட்டார். ஜெயித்த ஹோம்ஸ் அன்றைக்கு அழுதார். தோழர்களே, தன் குருநாதர் மாதிரி இருந்தவரை அடித்துத்தான் ஜெயிக்க வேண்டும் என்றால் என்ன பாடு! ஆனால் ஜனங்கள் அந்தக் கண்ணீரை ஞாபகம் வைக்கவில்லை. அலியை அடித்ததை மட்டும் ஞாபகம் வைத்தார்கள்.

அவர் மேல் தப்பே இல்லை என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. 48 வெற்றி, தோல்வி பூஜ்யம் என்று இருந்தவர், 1985 செப்டம்பரில் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். இன்னும் ஒன்று ஜெயித்திருந்தால் மார்சியானோவின் 49-ஐத் தொட்டிருப்பார். அந்த ஆத்திரத்தில், செத்துப்போன மார்சியானோவை மட்டம் தட்டிப் பேசிவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டாலும், கொட்டின பாலை அள்ள முடியுமா? 1988-இல் ஓய்விலிருந்து வந்து டைசனிடம் நான்காவது சுற்றில் விழுந்தார். நம்மில் பலபேர் பார்த்திருப்பது அந்த ஒரு வீடியோவைத்தான். ஆனால் அவர் போட்ட மொத்தச் சண்டை 75. அதில் தோல்வி 6. முடிவதற்குள் அவரைச் சாய்த்தது அந்த ஒரு முறை மட்டுமே. 42 வயதில், 1992-இல், ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ரே மெர்சரை ஜெயித்திருக்கிறார். இதையெல்லாம் யார் பேசுகிறார்கள்?

அலியைவிட ஹோம்ஸ் பெரியவர் என்று நான் சொல்ல வரவில்லை. அலிக்கு அப்புறம் வந்த ஒரே காரணத்துக்காக ஒருத்தரின் உழைப்பைக் குறைத்து எடை போடாதீர்கள் என்கிறேன். இதை ஏன் இத்தனை சூடாகச் சொல்கிறேன் தெரியுமா? எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "டிப்ளமாதானாப்பா? பி.இ. கிடைக்கலையா?" அந்த "தானா"வில் இருக்கிற எடை, இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

எங்கப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். ஆறாவதோடு நின்றவர். பொங்கல் லீவில் அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ஏழாவதோடு நின்று கார் கழுவப் போனார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசியில், "இப்ப அவரை யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டார். "அவங்க ஊர்ல ஒரு ரோட்டுக்கே அவர் பேருதான்பா. 2015-இல் சிலையும் வச்சிருக்காங்க" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "சொந்த ஊர்ல பேரு இருக்குல்ல? அப்ப மெஸ்ல சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க, விடு" என்றார்.

விட்டுவிட்டேன். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆரம்பிப்பேன், தோழர்களே. தயாராக வாருங்கள்!

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை