பழைய படத்துக்குப் புதுச் சட்டம் எதற்கு?

காரைக்குடியில் முனீசுவரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்துத் தள்ளிய வீடுகளின் தூண்களும் கதவுகளும் பீங்கான் ஜாடிகளும் அங்கே வந்து சேருகின்றன. அவற்றோடு படங்களும் வருகின்றன. லட்சுமி, சரசுவதி, முருகன், கண்ணன் என்று சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்திருப்பார்கள்.

படம் வாங்கப் போகிறவர்கள் படத்தை உற்றுப் பார்க்கிறார்கள். பேரம் பேசுகிறார்கள். வாங்கி வந்த மறுநாளே பிரேம் கடைக்கு ஓடுகிறார்கள். "இந்தக் கறுத்த மரத்தைக் கழற்றி எறியுங்கள். பளபள என்று ஒன்று மாட்டிக் கொடுங்கள்" என்கிறார்கள்.

கடைக்காரர் என்ன செய்வார்? கேட்டதைக் கொடுக்கிறார். தேக்குச் சட்டம் கடை மூலையில் விழுகிறது. தங்க நிறப் பிளாஸ்டிக் சட்டம் வீட்டுக்கு வருகிறது.

காசைக் கொடுத்து நஷ்டத்தை வாங்குவது என்றால் இதுதான்.

படம் புதிது, சட்டம் பழையது!

ஓவியர் ராஜா ரவிவர்மா 1848-ம் ஆண்டு கிளிமானூரில் பிறந்தவர். அவருடைய எண்ணெய் ஓவியங்கள் அரண்மனைகளில் தொங்கின. ஏழை எளியவர்கள் அவற்றைப் பார்க்க முடியாது. 1894-ம் ஆண்டு பம்பாயில் அவர் ஓர் அச்சகம் தொடங்கினார். கல்லில் படத்தை எழுதி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வைத்து அச்சடித்தார்கள். அதன் பிறகு சாதாரண வீடுகளிலும் லட்சுமியும் சரசுவதியும் குடியேறினார்கள்.

அந்தப் படங்களுக்கு இன்று நல்ல கிராக்கி. கிராக்கி உள்ள இடத்தில் போலியும் இருக்கும். புதிதாக அச்சடித்த தாளைப் பழைய சட்டத்துக்குள் வைத்து, "நூறு வருடப் படம்" என்று விற்பவர்கள் உண்டு.

கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். இந்தக் காலத்து அச்சில் புள்ளிகள் ஒரே ஒழுங்காக, வரிசை பிடித்து நிற்கும். கல் அச்சில் மணலைத் தூவியது போல ஒழுங்கு இல்லாமல் இருக்கும்.

இப்படி ஏமாந்தவர் வீட்டில் நிஜமாகவே பழையது எது? சட்டம் ஒன்றுதான்! அதையும் கழற்றி எறிந்தால் கொடுத்த பணத்துக்கு மிஞ்சுவது என்ன?

பிறர் வணங்கிய படம்

வீட்டுக்குள் வேறு ஒரு சண்டையும் நடக்கிறது. மருமகள் ஆசையாகப் படம் வாங்கி வருகிறாள். மாமியார் வாசலிலேயே நிறுத்துகிறார். "யார் வீட்டுப் பூஜையில் இருந்ததோ! அவர்கள் என்ன ஆனார்களோ! வெளியே வை" என்கிறார். சமாதானமாக, "சட்டத்தையாவது மாற்றிக் கொண்டு உள்ளே வா" என்றும் சொல்கிறார்.

பெரியவர்களின் அச்சத்தைக் கேலி செய்ய வேண்டாம். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். கண்ணாடி உடைந்த சாமி படங்களைக் கோவில் அரசமரத்தடியில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அங்கே அவை மழையில் நனைகின்றன. கரையான் தின்கிறது. ஒரு குடும்பம் இரண்டு மூன்று தலைமுறையாகக் கை கூப்பிய படம் அது. மரத்தடியில் மக்குவதைவிட இன்னொரு வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் இருப்பது மேல் அல்லவா?

சட்டத்தின் ஓரத்தில் குங்குமம் படிந்திருக்கும். பின்பலகையில் பென்சிலால் ஒரு பெயரோ, ஒரு தேதியோ எழுதியிருக்கும். சட்டம் போட்ட கடையின் சீட்டு ஒட்டியிருப்பதும் உண்டு. வாங்கியவருக்கு அந்தப் படத்தைப் பற்றித் தெரியக் கூடிய வரலாறு அவ்வளவுதான். புதுச் சட்டம் போட்டால் அதுவும் குப்பைக்குப் போகிறது.

முதலில் கண்ணாடியைக் கழற்றுங்கள்

சட்டத்தைப் புதுப்பிக்க முதல் விதி ஒன்று உண்டு. படம் உள்ளே இருக்கும்போது சட்டத்தில் கை வைக்கக் கூடாது. ஈரத் துணியால் ஓரத்தைத் துடைத்தால் தண்ணீர் கண்ணாடிக்குக் கீழே இறங்கிப் படத்தில் கறை பிடிக்கும். கண்ணாடி மேல் வைக்கும் சந்தனம், குங்குமத்தால் கெட்ட படங்களுக்குக் கணக்கே இல்லை. பக்தியில் குறை இல்லை, ஈரத்தில்தான் குறை.

படத்தை ஒரு மேசை மேல் குப்புற வைக்க வேண்டும். துருப்பிடித்த ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக, பொறுமையாக இழுக்க வேண்டும். பலகையை எடுத்ததும் ராமபாணப் பூச்சி ஓடும். பயப்படாமல் மெல்லிய தூரிகையால் தட்டி விடலாம். படம் கண்ணாடியோடு ஒட்டிக் கொண்டிருந்தால் பிய்க்கக் கூடாது. அப்படியே வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

தஞ்சாவூர்ப் படமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அது பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடி பூசி, கல் பதித்து, தங்க ரேக் ஒட்டியது. ஈரம் பட்டால் உப்பி உதிர்ந்துவிடும். அந்தப் படத்தைத் துடைக்கவே வேண்டாம்.

பாலீஷ் போடும் விதம்

இப்போது கையில் வெறும் சட்டம் இருக்கிறது. கறுப்பாக இருக்கிறதே என்று உடனே உப்புத்தாளை எடுப்பவர்கள்தான் அதிகம். அந்தக் கறுப்பில் பாதி மரத்தின் நிறம் அல்ல. விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்த அழுக்கு. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்தால் அது வந்துவிடும். பூ வேலைப்பாட்டின் இடுக்குகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். உடனே உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஒரு நாள் காய வைக்க வேண்டும். தங்க ரேக் ஒட்டிய சட்டத்தில் மட்டும் தண்ணீர் படவே கூடாது. ரேக் துணியோடு வந்துவிடும்.

பிறகு ஒரு சோதனை. ஸ்பிரிட்டில் தொட்ட பஞ்சைச் சட்டத்தின் மறைவான மூலையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். பிசுபிசுவென்று இளகினால் அது அரக்குப் பாலீஷ். பழைய சட்டங்கள் பல அப்படித்தான். அப்படியானால் சுரண்ட வேண்டியதே இல்லை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிச் சுருணையால் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுத்தால் பழைய பூச்சோடு கலந்து கொள்ளும். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அவசரப்பட்டுக் கெட்டியாகப் பூசினால் திட்டுத் திட்டாக நிற்கும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பும் பூஜை விளக்கும் எரியும் இடத்தில் இந்த வேலை கூடாது. சிறுவர்களையும் பக்கத்தில் விடக் கூடாது.

தங்கப் பெயிண்ட் அடிப்பது இன்னொரு மோகம். டப்பாவில் வருவது தங்கம் அல்ல, பித்தளைப் பொடி. சில வருடத்தில் பழுப்பு நிறமாகிவிடும். அப்போது மரமும் தெரியாது, தங்கமும் இராது.

மூலை வாய் பிளந்திருந்தால் தச்சரிடம் கொடுப்பது நல்லது. அந்தக் காலத்தில் வச்சிரம் காய்ச்சி ஒட்டினார்கள். பழைய பசையைச் சுரண்டி எடுக்காமல் புதுப் பசை பிடிக்காது. சட்டத்தில் சிறு துளைகள் இருக்கலாம். அதனால் மட்டும் கெட்டுப் போய்விடவில்லை. துளைக்குக் கீழே மாவு போலத் தூள் விழுந்தால்தான் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது என்று பொருள். மருந்து போட்டு, வண்டு ஒழிந்தது தெரிந்த பிறகே படத்தை உள்ளே வைக்க வேண்டும்.

பழைய மரப் பலகை தாளைப் பழுப்பாக்கும். படத்துக்கும் பலகைக்கும் நடுவில் அமிலம் இல்லாத அட்டை ஒன்றை வைக்கச் சொல்ல வேண்டும். நல்ல பிரேம் கடைகளில் கிடைக்கும். பெயர் எழுதிய பலகையை அதற்குப் பின்னால் பழையபடியே பொருத்தலாம். செலோ டேப் மட்டும் படத்தின் மேல் படக் கூடாது.

மாட்டும் முறை

அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாம் என்று நினைக்கிற பெற்றோர் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். நூறு ஆண்டு கடந்த ஓவியத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. இது மரச் சட்டம் அல்ல, பாலீஷ் போட்டு வளைக்க முடியாது!

செட்டிநாட்டு வீடுகளில் படங்கள் சுவரோடு ஒட்டியிருக்காது. மேல் பக்கம் முன்னால் சாய்ந்து, கீழ்ப் பக்கம் கட்டை மேல் உட்கார்ந்திருக்கும். நிமிர்ந்து பார்ப்பவருக்கு முகம் தெரியும். பின்னால் காற்றும் போகும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அடுக்கு மாடி வீட்டில் அப்படிச் சாய்க்க முடியாவிட்டால், சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டி மாட்டினாலும் சுவருக்கும் படத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடம் கிடைக்கும்.