கோடைக்கால மாப்பிள்ளைகள்

இப்னு பதூதாவின் பயண நூலைப் போற்றாதார் நம்மில் யார்? தாஞ்சியரில் புறப்பட்டுச் சீனம் வரை சென்ற பெருமகனார், நம் மஅபர் கரையிலும் கால் பதித்தவர் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். ஆனால் மாலத்தீவைப் பற்றி அவர் எழுதிய பகுதி வந்ததும் ஏடுகளைச் சற்று விரைவாகப் புரட்டிவிடுகிறோம். 1343, 1344 ஆண்டுகளில் அத்தீவில் காஜியாகவே அமர்ந்திருந்த அவர், கப்பல் வந்து நின்றதும் மாலுமிகள் அங்குள்ள பெண்களை மணப்பதும், புறப்படும் வேளையில் மணவிலக்குச் செய்து செல்வதும் அந்நாட்டு வழக்கம் என்று எழுதுகிறார். அது முத்ஆவின் ஒரு வகையே என்று ஒப்புக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. தாமும் அங்கே பல பெண்களை மணந்தார். தீவை விட்டு நீங்கியபோது மனைவியரையும் நீங்கினார்.

அவருக்கு வழக்குரைக்க நாம் வரவில்லை. எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அத்தீவுப் பெண்கள் ஏமாற்றப்படவில்லை. வந்தவன் போவான் என்பதை அவர்களும் அறிவர், ஊரும் அறியும். தம் நாட்டை விட்டு அவர்கள் வெளியேறுவதும் இல்லை என்று அவரே குறித்துள்ளார். இன்று விமானத்தில் வந்திறங்கும் மாப்பிள்ளையோ வாழ்நாள் துணைவன் போல் வந்து அமர்கிறான். அவன் திரும்பிச் செல்வதற்கான பயணச்சீட்டு மட்டும் அவன் சட்டைப்பையில் இருக்கிறது.

ஜகார்த்தாவுக்குத் தெற்கே, போகோர் நகரைக் கடந்து மலையேறினால் புஞ்சாக் என்னும் குளிர்ந்த ஊர். தேயிலைத் தோட்டமும் மாலை மழையும் உள்ள இடம். வளைகுடாவின் வெயிலுக்கு அஞ்சி ஆண்டுதோறும் அங்கு வருவோர் பலர். கடைகளில் அரபு எழுத்துப் பலகைகள் தொங்கும் அளவுக்கு அது அவர்களுக்குரிய ஊராகிவிட்டது. வருவோரில் பெரும்பாலோர் குடும்பத்தோடு வந்து காற்று வாங்கிப் போகின்றவர்களே. அவர்களைக் குறை கூறுவது அநீதி. ஆனால் தனியே வருகின்ற சிலருக்காக அங்கே ஒரு வாணிகம் வளர்ந்தது. 'காவின் கொந்த்ராக்', அதாவது ஒப்பந்தக் கல்யாணம் என்று அந்நாட்டார் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். தரகன் பெண்ணைக் கொண்டுவருகிறான். வலியாக நிற்பவனும் தரகனுடைய ஆள், சாட்சிகளும் அவனுடைய ஆட்கள். இந்தோனேசியர் நம் கடற்கரை ஊர்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபினர். தக்க வலி இல்லாத நிக்காஹ் அவர்களிடம் நிக்காஹே அன்று. ஆகவே 'ஹலாலாக்கிக் கொண்டோம்' என்னும் அந்தப் பயணி, அந்த மண்ணின் மத்ஹபுப்படி எதையும் ஹலாலாக்கிக் கொள்ளவில்லை. அந்நாட்டு உலமா சபை 1997இலேயே முத்ஆ ஹராம் என்று ஃபத்வா வழங்கிற்று. அண்டை மாவட்டமான சியாஞ்சூரின் ஆட்சித் தலைவர் 2021இல் ஒப்பந்தக் கல்யாணத்தைத் தடுக்கத் தனி விதியே இயற்ற நேர்ந்தது.

'விபசாரத்தை விட இது மேலல்லவா?' என்று கேட்கும் நண்பர்கள் நமக்கும் உண்டு. படித்தவர்கள், கிதாபு பார்த்தவர்கள். அவர்கள் எடுத்துக்காட்டும் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். காலக்கெடுவை வாயால் சொல்லாமல், இத்தனை நாளில் தலாக் சொல்லிவிடுவேன் என்று மனத்துக்குள் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் மணந்தால் அந்த நிக்காஹ் செல்லும் என்பது பெரும்பாலான இமாம்களின் கூற்று. இப்னு குதாமா தம் 'அல் முஃக்னி'யில் இதைப் பதிந்திருக்கிறார். இமாம் அவ்ஸாஈ மட்டும் அதுவும் முத்ஆவே என்றார் என்பதையும் அதே இடத்தில் பதிந்திருக்கிறார். நம் நண்பர்களுக்கு முதற்பாதி நினைவிருக்கிறது, பிற்பாதி மறந்துவிடுகிறது!

இமாம்கள் பேசியது எதைப் பற்றி? காஜியால் மனத்தைத் திறந்து பார்க்க இயலாது. ஆகவே சொல்லப்பட்ட வாசகத்தைக் கொண்டு ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்று தீர்த்தார்கள். ஒப்பந்தம் செல்லும் என்பதற்காக வஞ்சகம் நற்செயலாகிவிடுமா? குறையை மறைத்து ஒட்டகத்தை விற்றவனின் விற்பனை செல்லக்கூடும். அவன் மோசடிக்காரன் அல்லன் என்று எந்த இமாம் சொன்னார்? நம் காலத்து சவூதி அறிஞர்களிலேயே ஷெய்கு இப்னு பாஸ் இதற்கு இடம் தந்தார். ஷெய்கு இப்னு உஸைமீனோ பெண்ணையும் அவள் வீட்டாரையும் ஏமாற்றுவதால் இது கூடாது என்றார். மக்காவிலுள்ள உலக முஸ்லிம் லீகின் ஃபிக்ஹ் அவை 2006இல் கூடி, சிலர் அனுமதித்துள்ளபோதிலும் ஏமாற்றும் மோசடியும் அடங்கியிருப்பதால் இதனைத் தடுப்பதே தன் கருத்து என்று தீர்மானித்தது. இந்தத் தீர்மானத்தைத் தரகர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்று நம்ப நாம் ஆயத்தமாக இல்லை.

இத்தாவையும் எண்ணிப் பாருங்கள். மணவிலக்குப் பெற்றவள் மூன்று மாதவிடாய்க் காலம் காத்திருக்க வேண்டும். ஒரே கோடையில் ஒரு பெண்ணுக்கு இரண்டாவது மாப்பிள்ளையும் வந்துவிட்டான் என்றால், நடந்தது நிக்காஹ் என்று சொல்ல நா கூசாதா?

இது அரபு நாட்டார்மீது மட்டும் சொல்லும் பழி அன்று. காம்பியாவின் கடற்கரைக்கு 1965 முதல் ஐரோப்பியர் கூட்டம் கூட்டமாக விடுமுறைக்கு வருகிறார்கள். அங்கே நடக்கும் காதல்களைப் பற்றி அவர்கள் நாட்டு ஏடுகளில் ஓயாத எச்சரிக்கைகள் வருகின்றன: பணம் போகும், விசாவுக்காக நேசிப்பான், நம்பாதே என்று. எல்லாம் பயணிக்கு வரும் இடர்தான்! இரண்டு வாரம் கழித்து விமானம் ஏறாமல் அங்கேயே நிற்பவருக்கு என்ன இடர் என்று கேட்பவர் அரிது. அவர்களாவது இமாமை அழைத்து துஆ ஓதச் சொல்வதில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1991 ஆகஸ்டில், ஹைதராபாத்திலிருந்து டில்லிக்குப் பறந்த விமானத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் அறுபது வயதுச் சவூதிக் கணவர். விசாரித்தவர் விமானப் பணிப்பெண். அதே ஊரில் அந்த நிக்காஹை நடத்தி வைத்தவர் விசாரிக்கவில்லை. 2013இல் கோழிக்கோட்டில், அனாதை இல்லத்தில் வளர்ந்த பதினேழு வயதுப் பெண்ணை அமீரக நாட்டவர் ஒருவர் மணந்து சில வாரங்களில் விட்டுச் சென்றார். 'அரபிக் கல்யாணம்' என்ற சொல்லே அக்கரையில் பழகிப்போயிருந்தது. 2017 செப்டம்பரில் மீண்டும் ஹைதராபாத்: ஓமான், கத்தார் நாட்டினர் எண்மரும், தங்குவிடுதிக்காரர்களும், அவர்களோடு காஜிகளும் கைதானார்கள். காஜிகள்! இப்னு பதூதா வகித்த அதே பதவி.

வறுமை என்பார்கள். வறுமை உண்மைதான், தரகு போகத் தந்தையின் கையில் வந்து சேரும் சிறு தொகை எத்தனை நாளைக்குக் காணும் என்பதும் உண்மைதான். எகிப்திய அரசு இந்த வறுமைக்கு ஒரு விலையே வைத்தது. மணமகளைவிட இருபத்தைந்து வயதோ அதற்கு மேலோ மூத்த அயல்நாட்டு மணமகன், அவள் பெயரில் 50,000 பவுனுக்குச் சேமிப்புப் பத்திரம் வாங்கித் தர வேண்டும் என்று 2015இல் விதித்தது. பெண்ணுக்குப் பாதுகாப்பு என்றார்கள். பணம் கட்டினால் வழி திறக்கும் என்றுதான் வருகின்றவன் படித்துக்கொள்வான். இதைவிட 2004இல் அந்நாடு செய்த திருத்தம் மேலானது. அதுவரை எகிப்தியத் தாய்க்கு அயல்நாட்டானால் பிறந்த குழந்தை, தான் பிறந்த மண்ணிலேயே அந்நியனாகக் கிடந்தது. தாயின் குடியுரிமை பிள்ளைக்கும் உண்டு என்று அவ்வாண்டில்தான் சட்டம் வந்தது.

நம் தமிழ்நாட்டு ஊர்களில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. வெளியூர் மாப்பிள்ளை என்றால் அவனுடைய மஹல்லா ஜமாஅத்தின் கடிதம் வந்தாக வேண்டும்; அதன் பிறகே நம் பள்ளிவாசல் தப்தரில் பெயர் ஏறும். இளைஞர்கள் இதைத் தொல்லை என்கிறார்கள். பக்கத்து ஊரிலிருந்து வரும் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே மனைவி உண்டா என்று கடிதம் எழுதிக் கேட்ட முத்தவல்லிகளின் பிடிவாதத்தை நாமும் ஒரு காலத்தில் நகைத்திருக்கிறோம். கடல் கடந்து வருகின்றவனிடம் அந்தக் கடிதத்தைக் கேட்காமல், கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்தே எழுந்து நின்று ஸலாம் சொல்லும் காஜிக்கு எந்த ஜமாஅத் தப்தரை ஒப்படைத்தது? அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அந்த ஜமாஅத்துக்கு என்ன தடை?

மாலத்தீவில் இப்னு பதூதா விட்டு வந்த மனைவியருள் ஒருத்தி கருவுற்றிருந்தாள். ஈராண்டுகள் கழித்து, கோழிக்கோட்டிலிருந்து மீண்டும் அத்தீவுக்கு அவர் கப்பலேறியது அந்த மகனைக் காணவே. கண்டார், தாயிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வங்காளத்துக்குப் புறப்பட்டார். இந்தோனேசியாவில் 2012இல் அரசியல் சட்ட நீதிமன்றம், அறிவியல் சான்றால் மெய்ப்பிக்கப்பட்டால் திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளைக்கும் தந்தையோடு உறவு உண்டு என்று தீர்ப்பளித்தது. புஞ்சாக் மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சான்றைத் தர வேண்டியவர், அடுத்த கோடையில் வேறொரு நாட்டுக்குப் பயணச்சீட்டு வாங்கியிருப்பார்.